காலேஜ் நெட், எஜுரோம், ஜர்னல்: வாசகர் கேள்விகளுக்கு பதில்கள்

கேள்வி: எங்க காலேஜ்ல என்கேஎன் 1 ஜிபிபிஎஸ் லைன் இருக்குன்னு பெருசா போட்டிருக்காங்க, ஆனா ஹாஸ்டல் வைஃபைல ஒரு என்பிடெல் (ஐஐடிக்காரங்க நடத்தற ஆன்லைன் பாடம்) வீடியோ கூட நிக்காம ஓடறதில்லை. என்கேஎன் நிஜமாவே வருதா சார், இல்ல பேருக்குத்தானா?
- பி.இ. மாணவி, திருநெல்வேலி

பதில்: வருதும்மா, நிஜமாவே வருது. என்கேஎன்னா நேஷனல் நாலெட்ஜ் நெட்வொர்க், 2010 மார்ச்ல மத்திய அரசு 5,990 கோடி ரூபாய்க்கு அனுமதி குடுத்த திட்டம், மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசி செயல்படுத்துச்சு. ஐஐடி, யுனிவர்சிட்டி, ஆராய்ச்சிக் கூடம்னு நாடு முழுக்க இருக்கற நிறுவனங்களை ஃபைபர்ல ஒண்ணா கோர்த்து, ஒவ்வொண்ணுக்கும் 100 எம்பிபிஎஸ்ஸோ 1 ஜிபிபிஎஸ்ஸோ (அதாவது 1,000 எம்பிபிஎஸ்) குடுக்கறாங்க. ஆனா அந்த 1 ஜிபிபிஎஸ் உங்க காலேஜ் சர்வர் ரூம் வரைக்கும்தான். அங்கேர்ந்து ஹாஸ்டல் ரூமுக்கு வர்ற கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால், வராண்டால மாட்டியிருக்கற ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி) எல்லாமே காலேஜ் பொறுப்பு, பெரும்பாலும் வேகம் சாகறது அங்கதான். நடுவுல பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒண்ணு உக்காந்திருந்தா போதும், வெளிய எவ்வளவு வந்தாலும் உள்ள அதுக்கு மேல போகாது. அதுவும் இல்லாம ராத்திரி 9 மணிக்கு 2,000 பேர் ஒரே நேரத்துல இழுத்தா 1 ஜிபிபிஎஸ்ஸை பங்கு போட்டு ஆளுக்கு அரை எம்பிபிஎஸ்தான் தேறும், அது கணக்கு, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. பகல்ல லேப்ல கேபிள் போட்ட சிஸ்டத்துல ஒரு ஸ்பீட் டெஸ்ட், அதே நேரத்துல பக்கத்துல நின்னு ஃபோன்ல வைஃபைல ஒரு டெஸ்ட், அப்புறம் ராத்திரி ஹாஸ்டல்ல ஒண்ணு, இப்படி ஒரு வாரம் டைமோட எழுதி வைங்க. கேபிள்ல நல்லா வந்து வைஃபைல படுத்துடுச்சுன்னா ஆக்சஸ் பாயிண்ட் பத்தலை, ரெண்டுலயுமே ராத்திரி மட்டும் விழுந்தா கூட்டம். அந்தப் பேப்பரை அப்படியே சிஸ்டம் அட்மின்கிட்ட குடுங்க, சும்மா நெட் ஸ்லோன்னு போய் நின்னா அவரும் பாவம் எங்கேர்ந்து தேடுவாரு. இது மக்கள் வரிப்பணத்துல போட்ட லைன், கடைசி நூறு மீட்டர்ல வீணாகுதுன்னா கேக்கறது உங்க உரிமை, தயங்காம கேளுங்க.

கேள்வி: வேற யுனிவர்சிட்டிக்கு ஒர்க்‌ஷாப் போனேன். ஃபோன்ல எஜுரோம்னு காட்டுச்சு. எங்க காலேஜ்ல தினமும் போடற அதே யூசர்நேம் பாஸ்வேர்டை அடிச்சும் ஏறலை, அங்க இருந்தவங்களும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாங்க. ஏன்?
- உதவிப் பேராசிரியர், காரைக்குடி

பதில்: அவங்களுக்கு நிஜமாவே தெரியாது சார், தெரியவும் கூடாது, எஜுரோமோட அழகே அதுதான். எஜுரோம்னா சொந்த காலேஜ் ஐடியை வச்சே, இதுல சேர்ந்திருக்கற எந்த கேம்பஸ்லயும் வைஃபை ஏறற வசதி. யூரோப்ல 2000களோட ஆரம்பத்துல தொடங்கி இப்ப நூறு நாட்டுக்கு மேல ஓடுது, நம்ம ஊர்ல கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நெட்வொர்க் அமைப்பான எர்நெட் நடத்துது. நீங்க வெளியூர் கேம்பஸ்ல லாகின் பண்ணா அங்க இருக்கற சர்வர் உங்க ஐடில அட் குறிக்கு அப்புறம் இருக்கற காலேஜ் டொமைனை மட்டும்தான் பாக்கும், பாத்துட்டு எர்நெட்டோட தேசிய சர்வருக்கு தள்ளும், அது உங்க காலேஜ் சர்வருக்கு அனுப்பும், பாஸ்வேர்டை சரிபாக்கறது உங்க காலேஜ் மட்டும்தான், அங்கேர்ந்து ஆமா இல்லன்னு ஒரு பதில் திரும்பி வரும். நடுவுல இருக்கற யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியாது.

இப்ப உங்க கேஸ்ல எனக்கு முதல் சந்தேகம், நீங்க வெறும் யூசர்நேம் மட்டும் போடறீங்க. சொந்த கேம்பஸ்ல அது சில சமயம் வேலை செஞ்சிடும், ஏன்னா சர்வர் வீட்டுலயே இருக்கு. வெளிய போனா டொமைன் இல்லாத ஐடியை எங்க அனுப்பறதுன்னு அதுக்குத் தெரியாம அங்கயே நிறுத்திடும். அதனால அட் குறி போட்டு காலேஜ் டொமைனோட முழுசா அடிங்க. அனானிமஸ் ஐடென்டிட்டின்னு (நிஜப் பேரை மறைச்சு வெளிய காட்டற ஐடி) ஒரு கட்டம் இருக்கும், அதுல ஏதாவது எழுதியிருந்தா அதுலயும் அதே டொமைன் இருக்கணும்.

ரெண்டாவது, சர்டிபிகேட், அதாவது எதிர்ல இருக்கறது நிஜமாவே உங்க காலேஜ் சர்வர்தான்னு காட்டற டிஜிட்டல் அத்தாட்சி. பழைய ஃபோன்ல "சரிபாக்க வேண்டாம்"னு ஒரு ஆப்ஷன் வரும், சீக்கிரம் ஏறிடும்னு நிறைய பேர் அதைத் தட்டிடறாங்க, தயவு செஞ்சு தட்டாதீங்க. எவனோ ஒருத்தன் பஸ் ஸ்டாண்ட்ல எஜுரோம்னு பேர் வச்சு ஒரு ரவுட்டரைப் போட்டா உங்க ஃபோன் அதையே காலேஜ்னு நம்பி லாகினுக்குப் போயிடும், பாஸ்வேர்டும் மாட்டிக்கும், பல காலேஜ்ல மெயிலுக்கும் மார்க் என்ட்ரிக்கும் அதே பாஸ்வேர்ட்தான். புது ஆண்ட்ராய்டுல அந்த ஆப்ஷனை எடுத்தே விட்டாங்க, நல்ல காரியம். உங்க காலேஜ் எஜுரோம் செட்டிங்ஸ் ப்ரொஃபைல் போட்டு வச்சிருந்தா கெட்எஜுரோம் ஆப்ல காலேஜ் பேரைத் தேர்ந்தெடுத்தா போதும், மத்ததெல்லாம் அதுவே செஞ்சுக்கும். ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கை ஃபர்கெட் கொடுத்துட்டு முழு ஐடியோட சொந்த கேம்பஸ்லயே ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க. அப்பவும் வெளிய போய் ஏறலைன்னா உங்க காலேஜ் ஐடி ஆளுக்குத்தான் ஃபோன் பண்ணணும், ஏன் ஏறலைங்கற காரணம் அவர்கிட்ட இருக்கற சர்வர் பதிவுலதான் (லாக்) இருக்கும்.

கேள்வி: 1995ல விஎஸ்என்எல் மூலமா இந்தியாவுக்கு இன்டர்நெட் வந்துச்சுன்னு படிச்சிருக்கேன். அதுக்கு முன்னாடியே ஐஐடில இருந்துச்சுன்னு என் மருமகன் சொல்றாரே, சரியா?
- ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், கும்பகோணம்

பதில்: மருமகன் சொல்றது சரிங்கய்யா. 1995 ஆகஸ்ட் 15 அரசு நிறுவனமா இருந்த விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாள். எர்நெட் 1986லயே ஆரம்பிச்சாச்சு. மத்திய எலக்ட்ரானிக்ஸ் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட நிதி உதவியோட நடத்துச்சு, எட்டு இடம்: அஞ்சு ஐஐடி (நம்ம சென்னையும் அதுல உண்டு), பெங்களூர் ஐஐஎஸ்சி, பம்பாய் என்சிஎஸ்டி (தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம்), டெல்லில அந்தத் துறையே. முதல்ல டயல்-அப்ல மெயில் மட்டும்தான். 1992 வாக்குல இவங்களை எல்லாம் 9.6 கேபிபிஎஸ் லீஸ்டு லைன்ல (எப்பவும் இணைஞ்சே இருக்கற வாடகை லைன்) கோர்த்துட்டாங்க, வெளிநாட்டுக்கு பம்பாய்லேர்ந்து அமெரிக்காவுக்கு ஒரே ஒரு 64 கேபிபிஎஸ் லிங்க். லீஸ்டு லைனைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இப்ப ஃபோன்ல எடுக்கற 3 எம்பி போட்டோ ஒண்ணு அந்த 9.6 லைன்ல போகணும்னா முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும், அதுல உக்காந்துதான் ஆராய்ச்சி மெயில் அனுப்பினாங்க, நாட்டுல இன்டர்நெட்டை நடத்தத் தெரிஞ்ச முதல் தலைமுறை இன்ஜினியர்கள் அங்கதான் உருவானாங்க. எர்நெட் 1998ல தனி சொசைட்டியா ஆச்சு, இப்பவும் காலேஜ்களுக்கு ஏசி டாட் இன் டொமைன் குடுக்கறது அவங்கதான்.

கேள்வி: கேம்பஸ்ல திறக்கற ஜர்னல் வீட்டுல காசு கேக்குது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பஸ் ஏறிப் போக முடியுமா?
- முனைவர் பட்ட மாணவி, தர்மபுரி

பதில்: போக வேண்டாம்மா. கேம்பஸ்ல உங்க காலேஜ் நெட்டோட ஐபி முகவரியை (நெட்ல அடையாளமா இருக்கற எண்) பாத்து பதிப்பகம் உள்ள விடுது, வீட்டு நெட்டுக்கு அந்த முகவரி கிடையாது. காந்திநகர்ல இருக்கற இன்ஃப்லிப்நெட் (யுனிவர்சிட்டி லைப்ரரிகளை இணைக்கற மையம்) நடத்தற இன்ஃபெட்ங்கற பொது லாகின் வசதில உங்க யுனிவர்சிட்டி சேர்ந்திருந்தா, ஜர்னல் பக்கத்துல "நிறுவனம் வழியா லாகின்"னு இருக்கறதைத் தட்டி காலேஜ் ஐடி போட்டா வீட்டுலயே திறக்கும். லைப்ரேரியன்கிட்ட இன்ஃபெட் ஐடி கேளுங்க, பல இடத்துல சேர்ந்துட்டு மாணவர்களுக்குச் சொல்றதே இல்லை, அது எனக்கு ரொம்ப வருத்தம். அரசு யுனிவர்சிட்டின்னா 2025லேர்ந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்ங்கற மத்திய அரசோட பொதுச் சந்தா திட்டத்துல 30 பதிப்பகங்களோட ஜர்னல்களும் வருது. தனியார் காலேஜுக்கு முதல் கட்டத்துல அது கிடையாது, அவங்களையும் சீக்கிரம் சேர்க்கணும். பழைய தீசிஸ் வேணும்னா இந்திய தீசிஸ்களைச் சேர்த்து வைக்கற ஷோத்கங்கா தளத்துல லாகினே இல்லாம யார் வேணா படிக்கலாம்.

கேள்வி: வீட்டுக்கு என்கேஎன் கனெக்‌ஷன் வாங்க முடியுமா?
- வாசகர், ஓசூர்

பதில்: முடியாதுங்க, நிறுவனங்களுக்கு மட்டும்தான். உங்க பையனோ பொண்ணோ இன்ஃபெட்ல சேர்ந்திருக்கற காலேஜ்ல படிச்சா அவங்க காலேஜ் ஐடி வழியா மேல சொன்ன ஜர்னல் லாகினை வீட்டுலயே வாங்கிக்கலாம்.