வைண்டிங் மேஜையில் ஹெல்பர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் மோட்டார், பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நேரடிப் பணியாளர்கள் 240 பேர்; கான்ட்ராக்டர் வழியாக வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் 60 பேர். பெண்களின் சராசரிச் சம்பளம் ஆண்களைவிடக் குறைவாக இருப்பதை முதலாளியிடம் சொன்னேன். "ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தானே கொடுக்கிறோம்" என்கிறார். அவர் சொல்வது சரியா? எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

உங்கள் முதலாளி உண்மையையே சொல்லியிருக்கலாம். ஹெல்பர் எல்லோருக்கும் 18,000, ஆபரேட்டர் எல்லோருக்கும் 22,000 என்று ஒழுங்காகவே கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரை ஹெல்பர் என்று பதிவு செய்தார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வைண்டிங் மேஜையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, சுற்று எண்ணிக்கை பிசகாமல் மோட்டாருக்கான கம்பிச் சுருள் சுற்றும் பெண் பதிவேட்டில் ஹெல்பராகவும், பக்கத்து ஷெட்டில் பொத்தானை அழுத்தி மெஷின் ஓட்டும் ஆண் ஆபரேட்டராகவும் இருந்தால், அந்த 4,000 ரூபாயும் பதவிப் பெயரிலிருந்து வருகிறது.

சட்டம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஒரே வேலையை மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலையையும் சேர்த்தே பேசுகின்றன. திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றை வைத்து எடைபோடச் சொல்கின்றன; புதிய சட்டம் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பெண் ஸ்டெனோகிராபர்களுக்குக் குறைவாகக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனி, யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டியது. கட்டுப்படியாகாது என்றும் வாதிட்டது. 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. முதலாளியிடம் பேசப் போகும்போது இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள்.

இனி கணக்கு. ஒரு மாதப் பட்டியல் போதாது, இன்சென்டிவ் மாதத்துக்கு மாதம் மாறும். 12 மாதச் சம்பளப் பட்டியலை எடுத்து, ஓவர்டைமைத் தனியாகப் பிரித்துவிட்டு, மீதியை மணிக்கு இத்தனை ரூபாய் என்று மாற்றுங்கள். சேர்ந்த தேதி, சேர்ந்தபோது கொடுத்த சம்பளம், கிரேடு, அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், இன்சென்டிவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். சராசரியோடு இடைநிலையையும், அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையையும் பாருங்கள். இரண்டு மேலாளர்களின் சம்பளமே சராசரியை மேலே இழுத்துவிடும். ஓவர்டைம் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் எண்ணுங்கள்.

பிறகு, சட்டம் சொல்லும் திறமை, உழைப்பு போன்றவற்றை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண். பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது. உழைப்பு என்றால் எடை தூக்குவது என்று எடுத்துக்கொள்வார்கள். கண் வேலை, விரல் நுணுக்கம், அசையாமல் உட்காரும் முதுகுவலி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் விழும். மதிப்பெண் போடும் குழுவில் வைண்டிங் பெண்கள் இரண்டு பேராவது இருக்கட்டும். இன்சென்டிவ் எந்தப் பிரிவுகளுக்கு உண்டு, எவற்றுக்கு இல்லை என்றும் பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியில் குப்பை வண்டி ஆண்களுக்குப் போனஸ் இருந்தது. அதே கிரேடில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைப் பெண்களுக்கு இல்லை. அந்த மாநகராட்சி கொடுத்த ஈடு 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

ஆறேழு பேர் உள்ள பிரிவில் புள்ளியியல் மென்பொருள் உதவாது. ஜோடி ஜோடியாக வைத்துக் கையால் ஒப்பிடுங்கள். பெரிய பிரிவில் மென்பொருள் பயன்படுத்தினாலும், கிரேடைக் காரணியாகச் சேர்த்தால் வித்தியாசம் மறைந்துவிடும். கிரேடே கோணலாக இருந்தால் கணக்கு அந்தக் கோணலை நியாயமாக்கிக் காட்டும்.

சரிசெய்யும் பணத்தை வருட இன்கிரிமென்டோடு கலக்காதீர்கள். எல்லோருக்கும் 8 சதவீதம் என்றால் 18,000 என்பது 19,440 ஆகும், 22,000 என்பது 23,760 ஆகும். 4,000 வித்தியாசம் 4,320 ஆகிவிடும். தனித் தொகை ஒதுக்கி அடிப்படைச் சம்பளத்திலேயே ஏற்றுங்கள். சிறப்பு அலவன்ஸாகக் கொடுத்தால் அடுத்த வருடம் அதை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. ஆண்களின் சம்பளத்தைக் குறைத்துச் சமன் செய்வதைச் சட்டமே தடுக்கிறது.

இதோடு வித்தியாசம் உள்ளே வரும் வாசலையும் அடைக்க வேண்டும். நேர்காணலில் பழைய சம்பளச் சீட்டைக் கேட்பதை நிறுத்துங்கள். முந்தைய இடத்தில் குறைவாக வாங்கிய பெண் அந்தக் குறையை இங்கேயும் சுமந்து வருகிறார். வேலைக்கான சம்பள வரம்பை ஆள் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். 26 வாரப் பேறுகால விடுப்பில் போனவருக்கு அந்த வருட மதிப்பீட்டைக் காலியாக விடாமல், முந்தைய வருட மதிப்பீட்டின்படி முழு இன்கிரிமென்ட் கொடுங்கள்.

கான்ட்ராக்டர் வழியாக வந்த அந்த 60 பேரைக் கடைசியில் எழுதுகிறேன் என்பதால் கடைசியில் பார்க்க வேண்டியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கு நாடுகளில் நிறத்தின் பெயரில் நடப்பது இங்கே ஊரின் பெயரில், மொழியின் பெயரில், சாதியின் பெயரில் நடக்கிறது. ஒத்த வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே சொன்னது. கான்ட்ராக்டரின் பில்லையும் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறை வாடகை, மெஸ் பிடித்தம் எவ்வளவு, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி வந்ததா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காமல் விட்டால் உங்கள் கம்பெனிதான் கொடுத்தாக வேண்டும். ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவரை, கான்ட்ராக்டரின் ஆள் அல்லாதவரை, கூட அழைத்துக்கொண்டு அவர்களிடமே கேளுங்கள்.