பழைய மினிவேனின் கியர்பாக்ஸுக்கு மூன்றாவது கடனா?

கேள்வி: 14 ஆண்டுகள் ஓடிய எங்கள் மினிவேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சூடேறியதும் ஒரே கியரில் நின்றுவிடுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு கடனில் சோலனாய்டுகளையும் (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகள்), இன்னொரு கடனில் டார்க் கன்வெர்ட்டரையும் (எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மாற்றிவிட்டோம். இப்போது மெக்கானிக், பி0700 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டி, கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் சேர்த்துத் தருவாராம். வார இறுதிகளில் டிரெய்லர் இழுக்க வண்டியை எடுத்துச் செல்லும் என் மைத்துனர், உடனே கடன் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வண்டி பழையது என்பதைவிட, என்ன பழுது என்று தெரிவதற்கு முன்பே கடனுக்குக் கையெழுத்திடும் உங்கள் வழக்கம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

நீங்கள் தனியாக எழுதியனுப்பிய தொகைகளையே பங்குகளாக மாற்றிப் பார்ப்போம். நல்ல நிலையில் வண்டி விற்கும் விலை 100 பங்கு என்றால், கியர்பாக்ஸ் செலவு 60 பங்கு. 14 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளில் கட்டி முடிக்கும்போது அது ஏறத்தாழ 74 ஆகிவிடும். முந்தைய கடன்களின் பாக்கி 25. ஆக, கையில் இருக்கும் வண்டியையே முழு விலை கொடுத்து இன்னொரு முறை வாங்குகிறீர்கள்.

பி0700 எந்தப் பாகத்தையும் குற்றம் சாட்டுவதில்லை. கியர்பாக்ஸின் கணினியில் வேறொரு குறியீடு பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே அது தெரிவிக்கிறது. மலிவான கருவிகள் பல அதோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் குறியீட்டைப் படித்துக்காட்டும் பரிசோதனைக்கு, நீங்கள் எழுதியபடி, 2 பங்குகூட ஆகாது. அதைத்தான் இரண்டு முறையும் தவிர்த்திருக்கிறீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கியர்கள் திரும்பி வருவதைப் பார்த்தால், கணினி தற்காப்புக்காக வண்டியை ஒரே கியரில் பூட்டுவதாகத் தோன்றுகிறது. வேக சென்சார், வயரிங், சூட்டில் குறையும் எண்ணெய் அழுத்தம் என எதுவும் காரணமாக இருக்கலாம். டார்க் கன்வெர்ட்டரை மாற்றுவதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டும்; அப்போது உள்ளே கிளட்ச் தேய்ந்திருந்ததா என்று நீங்கள் கேட்டதாகவே தெரியவில்லை.

பரிசோதனையின்போது கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றச் சொல்லி, நீங்களும் அருகில் இருந்து பாருங்கள். தட்டிலுள்ள காந்தத்தில் படிந்திருக்கும் மெல்லிய சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகளோ, கருகிய வாடையுடன் கறுத்த எண்ணெயோ தென்பட்டால் கிளட்சுகள் கெட்டிருக்கக்கூடும். எண்ணெய் அழுத்தச் சோதனையும் அதையே சொன்னால், பழுதை மறைக்காமல் வண்டியை இருக்கும் நிலையிலேயே விற்றுப் பழைய பாக்கியை அடைத்துவிடுங்கள். சென்சாரோ வயரோ மட்டும்தான் பழுது என்றால், சேமிப்பிலிருந்து சரிசெய்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள்.

வாரண்டி என்ற பெயரில் இப்போது எதையும் விற்கிறார்கள்; ஏற்கெனவே இருக்கும் பழுதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. மைத்துனர் விஷயத்திலும் தயங்க வேண்டாம். டிரெய்லர் இழுக்கும்போது ஏறும் சூடு கியர்பாக்ஸ் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துவிடும். ஆகவே பரிசோதனை முடியும்வரை சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள், அதன்பிறகு கேட்டால் பழுதுச் செலவில் அவருடைய பங்கை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.