பல் பிரிட்ஜில் தெரியும் கோடு

பர்மாவின் மோல்மேன் நகர வாசகி ஒருவர்: கீழ்வரிசையில் ஐந்து பல் பிரிட்ஜ், அதாவது இல்லாத பல்லுக்காக இருபக்கப் பற்களில் கேப் என்ற உறை மாட்டி ஒட்டிய பல்வரிசை. லேப்பில் இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் உலோகத்தை வார்த்து இணைத்தார்களாம். உள்பக்கம் கோடு தெரிகிறது. இரண்டு உலோகம் கலந்தால் வாயில் மின்சாரம் ஓடிப் புற்றுநோய் வரும் என்று போனில் படித்தேன். கழற்றிவிடலாமா? கடைசிப் பல் கடிக்கும்போது லேசாக அசைகிறது, சூப்பர் குளூ விட்டிருக்கிறேன்.

பதில்: புற்றுநோய் வராது, அம்மா. சொத்தை அடைத்த பல்லில் மிட்டாய் வெள்ளித்தாள் பட்டால் சுரீரென்கிறதே, அந்த மின்சாரம் அவ்வளவுதான். புற்றுநோய்க்குப் பயந்தால் கன்னத்தில் அடக்கும் வெற்றிலைபாக்கை முதலில் துப்புங்கள். கவரிங் கம்மல் போட்டுக் காது அரித்ததுண்டா? உண்டென்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

அந்தக் கோடு குறையல்ல. நிக்கல்-குரோமியம் சூடேறினால் மேலே ஆக்சைடு படலம் படியும். உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றாசு அதில் நம்பகமாகப் பிடிக்காது. அதனால் இரு துண்டிலும் வாய் குறுகி உள்ளே அகன்ற பள்ளம் விட்டு, உருகிய உலோகத்தை அதில் வார்க்கிறார்கள். உலோகம் உலோகத்தோடு உருகிக் கலப்பதில்லை. பெட்டி மூலையில் தச்சர் பலகையைக் கோப்பதுபோல், இறுகியதும் பூட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்ப்பது பூட்டின் விளிம்பு.

கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, பல் அசைகிறதென்று, எனக்குக் கவலை அதுதான். கண்ணாடி முன் நின்று, அந்தப் பல்லை விரலால் அழுத்தி விடுங்கள். ஈறோரம் எச்சில் குமிழி வந்தால் கேப்புக்கு அடியில் சிமெண்ட் விட்டுப்போயிற்று என்று பொருள். குமிழி வராவிட்டாலும் அசைவதே போதும், காட்டியாக வேண்டும். இதில் வில்லங்கமே இரு துண்டையும் சேர்த்த அந்தப் பூட்டு வலுவாக இருப்பதுதான். தனிக் கேப்பாக இருந்தால் கழன்று கையில் வந்திருக்கும், நீங்களும் ஓடிப்போயிருப்பீர்கள். இங்கே மறுமுனை பிடித்து நிறுத்துகிறது. ஒவ்வொரு கடிக்கும் எச்சில் உள்ளே போய்ப் பல் அரிக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல்லென்றால் வலிக்கக்கூடச் செய்யாது. தெரியவரும்போது வேர்தான் மிஞ்சும்.

இந்த வாரமே போய் எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை லப்பெத் என்ற தேயிலைக் கலவையில் வரும் வறுத்த பருப்பு வேண்டாம், மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் போதும். நீங்களே நெம்பிக் கழற்றப் பார்க்காதீர்கள். சூப்பர் குளூ விட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.