வாக்கு விழாத கோரிக்கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினத்தில் ஜெராக்ஸும் இணையச் சேவையும் சேர்ந்த சிறிய கடை ஒன்றைப் பத்து ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆதார் திருத்தம், பட்டா நகல், சாதிச் சான்றிதழ் என்று வரும் வேலைகளுக்கு நடுவே, "இதுக்கு ஒரு செயலி பாத்துக் குடு தம்பி" என்று கேட்டு வருகிறவர்கள் அண்மைக் காலத்தில் கூடிவிட்டார்கள். சம்மாட்டி ஒருவர் தம் படகின் வரவு செலவைப் போட்டுப் பங்கு பிரிக்க மென்பொருள் கேட்டார். கருவாட்டு வியாபாரி ஒருவருக்குத் தமிழில் பில் அடிக்க வேண்டும். நான் வழக்கமாகத் தேடுவது, மென்பொருள்களை வகைவாரியாகப் பட்டியலிட்டுப் பரிந்துரைக்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில். அங்கே தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. 'ஃபிஷிங்' என்று ஆங்கிலத்தில் தேடினால் தூண்டில் போட்டு விளையாடும் விளையாட்டுகள்தான் வரிசையாக வருகின்றன.

அத்தளத்தில் பயனர்கள் குறைகளையும் ஆலோசனைகளையும் எழுத ஒரு பகுதி உண்டு; ஒருவர் எழுதிய கோரிக்கைக்கு மற்றவர்கள் அங்கே வாக்களிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே நீண்ட மடல் ஒன்று எழுதினேன். தமிழ் வேண்டும், இணையம் இல்லாமல் இயங்குவதைத் தனியே காட்ட வேண்டும், உண்மையிலேயே இலவசமா என்று சொல்ல வேண்டும், இயங்காத பழைய பதிவுகளை நீக்க வேண்டும் என அதில் ஏழு கோரிக்கைகள் இருந்தன. அதை 'மேலும் பல மொழிகள்' என்ற பழைய கோரிக்கை ஒன்றோடு இணைத்து மூடிவிட்டார்கள். அதற்கு விழுந்த வாக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திரையைக் கறுப்பு நிறத்தில் காட்டும் வசதிக்கோ வாக்குகள் குவிந்து கிடக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் அங்கே இனியும் எழுதுவதில் பொருள் உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்
தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் குறை அவ்வகைத் தளங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதால், கடிதத்தில் இருந்த தளத்தின் பெயரை நீக்கிவிட்டு வெளியிடுகிறேன். எழுதுவதில் பொருள் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய முறையில் எழுதினால் அடுத்த மடலுக்கும் இதே கதிதான் நேரும். வருத்தப்படாமல் படியுங்கள்.

முதலில் வாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மனக்கசப்பு அதில்தான் இருக்கிறது. 2016 ஜனவரியில், நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், நிரலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் திறமூல மென்பொருள்களைப் பராமரித்துவந்த பலர் கூடி அந்நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்குக் கீழும் "எனக்கும் வேண்டும்" என்று பலர் எழுதிக் குவிப்பது பராமரிப்பவர்களுக்குத் தொல்லையாகிறது, எனவே வாக்களிக்க ஒரு வழி செய்து தாருங்கள் என்பது அம்மடலின் முறையீடுகளுள் ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது போன்ற சிறு குறிகளை கிட்ஹப் கொண்டுவந்தது. அவர்கள் வாக்கைக் கேட்டது முக்கியமாக இரைச்சல் குறைவதற்காக. காலப்போக்கில் பல நிறுவனங்கள் அதையே தேவையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டுவிட்டன. அந்த அளவுகோலில் தேவிபட்டினத்துச் சம்மாட்டி ஒருநாளும் ஏறப்போவதில்லை, ஏனென்றால் வாக்களிக்க வேண்டியவர் கடலில் இருக்கிறார். கரைக்கு வந்தாலும் ஆங்கிலத்தில் கணக்குத் தொடங்கி வாக்குப் போடப்போவதில்லை. ஆகவே ஊர்க்காரர்களைத் திரட்டி வாக்குப் போடவைக்கலாமா என்று நீங்கள் யோசித்திருந்தால், அதை விட்டுவிடுங்கள். வாக்கு இல்லாமலே ஒருவரை ஒப்புக்கொள்ள வைக்கும் மடலை எழுதுவதுதான் நமக்குள்ள வழி.

ஏழு கோரிக்கைகளை ஒரே மடலில் எழுதியது உங்கள் பிழை. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தின் வழு (மென்பொருள் பிழை) அறிவிப்பு விதிகள், தொடர்பில்லாத பல குறைகளை ஒரே அறிவிப்பில் எழுத வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. காரணம் எளியது: ஒரு மடலுக்கு ஒரே நிலைதான் இருக்க முடியும். அது திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ஏழில் ஒன்றை அவர்கள் உடனே செய்துகொடுக்க நினைத்திருந்தாலும், மீதி ஆறும் அதன் காலைப் பிடித்து இழுத்திருக்கும். அதைப் படித்தவர், அதில் முதலில் கண்ணில் பட்ட 'தமிழ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மொழிக் கோரிக்கையோடு சேர்த்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நீங்கள் வசதியைக் கேட்டீர்கள், வேலையைச் சொல்லவில்லை. சம்மாட்டி உங்களிடம் கேட்டதை எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரித்து, அவரவர் வாங்கியிருக்கும் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுக்க வேண்டிய தொகையைக் காண்பது அவருடைய வேலை. பிரிக்கும் வீதம் ஊருக்கு ஊர் மாறும் என்றாலும் கணக்கின் எலும்புக்கூடு ஒன்றுதான். இது அத்தளத்தின் எந்த வகைக்குள்ளும் அடங்காது. 'கணக்கியல்' என்ற வகைக்குள் போனால் வரி கட்டும் நிறுவனங்களுக்கான பெரிய மென்பொருள்கள் நிற்கின்றன. 'சம்பளம்' என்ற வகைக்குள் போனால் மாதச் சம்பளம் மட்டுமே அவற்றுக்குத் தெரியும். உண்மையில் இதற்குத் தனி மென்பொருளே வேண்டியதில்லை, லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருளில் ஒரு தாள் போட்டால் போதும். அந்த விடையைத் தரத் தெரியாததுதான் அத்தளத்தின் குறை. ஆகவே உங்கள் முதல் மடல் இப்படி இருக்கலாம்: இன்ன தொழில் செய்பவர் இன்ன கணக்கைப் போட விரும்பினார், இந்தச் சொற்களைக் கொண்டு தேடினேன், இவை வந்தன, கடைசியில் இதைக் கொண்டு வேலையை முடித்தோம், எனவே வகையின் பெயரால் தேடுவதோடு, பயனர்கள் எழுதும் வேலையின் பெயராலும் தேட வழி செய்யுங்கள். கேரளத்துப் படகுக்காரருக்கும் வேறு நாட்டுப் படகுக்காரருக்கும் இது பயன்படும் என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள், நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

'இணையம் இல்லாமல் இயங்க வேண்டும்' என்பது அடுத்த மடல். இது ஒரே கோரிக்கை போலத் தோன்றினாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. சில செயலிகள் இணையம் இல்லாமல் திறக்கும், ஆனால் பழையதைப் பார்க்கத்தான் விடும். சில, எழுதியதைச் சேமித்துவைத்துக் கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். இன்னும் சில, மாதம் ஒருமுறையாவது இணையத்தில் உள்நுழைந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்கும். கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடுகிற கடலில் இம்மூன்றும் ஒன்றாகா. 'ஆம், இல்லை' என்று ஒரு கட்டம் வைத்தால் மூன்றுக்கும் 'ஆம்' என்றே போட்டுவிடுவார்கள். எனவே மூன்று கட்டங்களாகக் கேளுங்கள்.

தமிழிலும் இதே கதைதான். திரையில் தமிழ்ச் சொற்கள் இருப்பது ஒன்று, தமிழில் தட்டச்சு செய்ய முடிவது மற்றொன்று, தமிழில் அச்சாவது மூன்றாவது. கருவாட்டு வியாபாரிக்கு முதலாவது இல்லாவிட்டாலும் நட்டமில்லை, மூன்றாவது இல்லாவிட்டால் பில்லே இல்லை. அவர் கடையில் இருப்பது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சிடும் சிறிய தெர்மல் பிரிண்டராகத்தான் இருக்கும். அத்தகைய மலிவான பிரிண்டர்கள் தம் நினைவகத்தில் இருக்கும் எழுத்துருவைக் கொண்டே அச்சிடும். அதில் தமிழ் இருப்பது அரிது. பில் மென்பொருள் அந்த வரியைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் 'நெத்திலி' நெத்திலியாகத் தாளில் விழும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் விழும். 'தமிழ் ஆதரவு உண்டு' என்று பட்டியலில் போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டி வாங்கிய ஒருவர், கேள்விக்குறிகள் நிறைந்த பில்லோடு என்னிடம் வந்து நின்றதும் உண்டு. அப்படிப்பட்ட பில்லைப் படம் எடுத்து மடலோடு இணையுங்கள்; அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை என்றீர்கள். தமிழில் பதிவுகளே இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் பதிவு இருந்தும் வராமல் போவதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. 'கொள்முதல்' என்ற சொல்லின் முதலெழுத்தை, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம், எகரக் கொம்பையும் துணைக்காலையும் இரு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோடு தரம் சொல்கிறது, அதற்கு இயல்பாக்கம் என்ற வழிமுறையையும் வகுத்திருக்கிறது. தேடும் சொல்லையும் பதிவில் உள்ள சொல்லையும் இயல்பாக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும், நிரலாளருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. மொழிக் கோரிக்கைகளின் குவியலில் இதைப் போடாதீர்கள். தேடல் வழுவாக அறிவியுங்கள், இரண்டு வடிவங்களையும் மடலில் ஒட்டிக் காட்டுங்கள். வசதியைக் கேட்பவருக்கு வரிசையில் காத்திருக்கச் சொல்லும் நிறுவனங்கள்கூட, வழுவைக் காட்டுபவருக்கு விரைவில் பதில் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

'உண்மையிலேயே இலவசமா' என்ற கேள்விக்கு எஃப்-டிராய்டை முன்மாதிரியாகச் சுட்டுங்கள். ஆண்டிராய்டுக்கான கட்டற்ற செயலிகளைத் தரும் அந்தத் தொகுப்பு, விளம்பரம் காட்டுவது, பயனரைக் கண்காணிப்பது போன்ற வேண்டாத குணங்கள் ஒரு செயலிக்கு இருந்தால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கையாகப் போட்டுவிடுகிறது. நடைமுறையில் உள்ள ஒன்றைக் காட்டிக் கேட்டால், முடியாது என்று சொல்வது கடினம்.

பழைய பதிவுகளை நீக்கச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. 1997-இல் தொடங்கி, 2011-இல் ஃப்ரீகோடு என்று பெயர் மாறிய ஃப்ரெஷ்மீட் என்ற மென்பொருள் பட்டியல், 2014 ஜூனில் புதுப்பிக்கப்படுவதே நின்றுபோனது. அதில் இருந்த பழைய பதிவுகள் பின்னாளில் எத்தனையோ பேருக்குத் தடம் காட்டியிருக்கின்றன. இயங்காத செயலியின் பக்கத்தில் 'இது நின்றுவிட்டது' என்று எழுதி, கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போட்டால் போதும். பழைய போன் வைத்திருப்பவர் நம் கடற்கரையில் ஏராளம், அவருக்கு அந்தப் பழைய செயலிதான் ஓடும்.

கடைசியாக, 'ஃபிஷிங்' என்று தேடினால் விளையாட்டுகள்தான் வருகின்றன என்றீர்கள்; இதற்குக் கோரிக்கையே வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றைத் தமிழிலேயே சொல்கிறது, எல்லைக் கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. பாக் நீரிணைக்குப் போகிறவருக்கு இதைவிட வேண்டிய தகவல் வேறென்ன இருக்கிறது? நீங்கள் சொல்லும் தளத்தில் அது கிடைக்கவில்லை என்றால், ஆலோசனைப் பகுதிக்குப் போக வேண்டாம். இவ்வகைத் தளங்கள் பலவற்றில் பயனரே புதிய பதிவைச் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கும்போது, நம் ஊரார் எந்தச் சொல்லால் தேடுவார்களோ அந்தச் சொற்களை, 'காற்று', 'கடல்', 'எல்லை' என்று, விவரத்தில் தமிழிலேயே எழுதிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த அறுபத்தோரு நாளில் உங்கள் சம்மாட்டிக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அவருடைய பங்குக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை, பெயர்களை மறைத்துவிட்டுப் படமாக எனக்கு அனுப்புங்கள். முதல் மடலின் ஆங்கில வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். அனுப்புவது மட்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், ஏனெனில் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர் நீங்கள்தான்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து