வெண்புள்ளிக்கு எக்ஸைமர் லேசர் எடுத்தால் நிறம் திரும்புமா? பணம் கட்டலாமா?

காலேஜ் படிக்கிற தங்கைக்குக் கன்னத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி, மதுரையில் ஒரு டாக்டர் எக்ஸைமர் லேசர் எடுக்கச் சொல்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னத்துக்குத் தயங்காமல் எடுங்கள். விரல் நுனிக்கு இதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். மேலூரிலிருந்து மதுரைக்குப் போய்வந்து கன்னம், கழுத்து, விரல் மூன்றுக்கும் எடுத்துக்கொண்டவள் நான். கன்னத்தில் நிறம் முழுக்கத் திரும்பிவிட்டது, கழுத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது, விரல் நுனி அப்படியேதான் இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால்தான் வெண்புள்ளி வருகிறது. தொற்றுநோய் இல்லை, தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எக்ஸைமர் லேசர் 308 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது பட்ட இடத்தில் அந்தத் தாக்குதலை அடக்கும், மிச்சமிருக்கும் நிறச் செல்களைத் தூண்டிவிடும். மிச்சம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் முடியின் வேரில். முகத்திலும் கழுத்திலும் பூனைமுடி நிறைய உண்டு, அதனால் அங்கே நன்றாக வரும். விரல் நுனியிலும் உதட்டிலும் முடியே இல்லை. புள்ளிக்குள் இருக்கும் முடியும் வெளுத்துவிட்டால், அங்கே நிறச் செல்களின் சேமிப்பும் தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் தங்கையைப் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, புள்ளிக்குள் இருக்கும் முடி கறுப்பா வெள்ளையா என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் நம்பிக்கையோடு தொடங்கலாம். எனக்குக் கன்னத்தில் நிறம் ஓரத்திலிருந்து மட்டும் வரவில்லை. நடுவில் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டு, கேழ்வரகைத் தூவின மாதிரி வந்தது. அப்புறம் அவை பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. புள்ளியைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்ச காலம் கூடுதலாகக் கறுத்து வளையம் கட்டும். பயப்படாதீர்கள், அது மெல்ல மங்கிவிடும்.

சிகிச்சை வலிக்காது. கண்ணாடி மாட்டிவிட்டு, புள்ளியின் மேல் கைக்கருவியை வைத்து டக் டக்கென்று அடிப்பார்கள், லேசான சூடு தெரியும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று சிட்டிங், அடுத்தடுத்த நாளில் கூடாது. முதலில் குறைந்த அளவில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள். மறுநாள் லேசாகச் சிவந்திருந்தால் அளவு சரி. இரண்டு நாள் தாண்டியும் சிவப்பு இருந்தாலோ கொப்புளம் கண்டாலோ கட்டாயம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டும். இடையில் நாள் விட்டுப்போனாலும் அதேதான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்குகிற நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், வெளியூர்க்காரர்களுக்குச் சிட்டிங் தவறத்தான் செய்யும். திரும்பப் போனதும் எத்தனை நாள் விட்டது என்று முதலில் அதைச் சொல்லுங்கள். பழைய அளவிலேயே அடித்தால் புண்ணாகிவிடும்.

மாதக்கணக்கில் ஆகும். முகத்துக்கே இருபது, முப்பது சிட்டிங் சாதாரணம். தோலில் அந்த எதிர்ப்புத் தாக்குதலை அடக்கும் டாக்ரோலிமஸ் ஆயின்மென்டும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும், டாக்டரிடம் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிட்டிங்குக்குச் சிட்டிங் கொடுத்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நோய் நின்றிருக்கிறதா, இன்னும் பரவுகிறதா? புதுப்புதுப் புள்ளி வந்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றாகத் துரத்திப் பயனில்லை. முதலில் பரவுவதை நிறுத்த மருந்து வேண்டும். உடம்பில் பரவலாக இருந்தால் பெட்டிக்குள் நிற்கவைத்துக் கொடுக்கும் 311 நானோமீட்டர் புற ஊதா விளக்குதான் பொருத்தம். முதல் கருத்துக்கு மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகலாம்.

தோல் தடித்துச் செதில் உதிரும் சோரியாசிஸுக்கும் இதே லேசர் உண்டு, அமெரிக்காவில் 2000-இல் முதலில் அனுமதி கிடைத்ததே அதற்குத்தான். அங்கே வேலை வேறு, தடிப்பை அடக்குவது. வெண்புள்ளியைவிடச் சீக்கிரம் பலன் தெரியும், ஆனால் திரும்ப வரக்கூடியது.

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்ற விதை விற்பார்கள், பூசிக்கொண்டு வெயிலில் நில் என்று யாராவது சொல்வார்கள். அதில் உள்ள சோரலன் உண்மையிலேயே தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் சரக்கு. மேல்நாட்டு வைத்தியத்திலும் அதை அளந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். அளவில்லாமல் தடவிக்கொண்டு மதுரை மத்தியான வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும். லேசர் எடுக்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

தங்கை ஸ்டிக்கர் பொட்டு வைப்பவள் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சில ஸ்டிக்கர்களின் பசையில் இருக்கும் ரசாயனம் தானாகவே நிறத்தை அழிக்கும். நெற்றியிலும் வெளுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.