ஒரே படிப்பு, ஒரே வார்டு வேலை: நர்ஸ் சம்பளத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கையில் 16,000 வருகிறது, கூடப் படித்தவள் சென்னையில் 22,000 வாங்குகிறாள், இன்னொருத்தி அரசு ஆஸ்பத்திரியில் தொகுப்பூதியத்தில் (படிகள் எதுவும் இல்லாத ஒரே தொகை) 18,000 வாங்குகிறாள், சீனியர் அக்கா ஒருவர் துபாயில் இருக்கிறார், "நான் ஏமாந்துகொண்டிருக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாறுகிறீர்கள்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. சென்னைத் தோழியைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு முன்னால் அவருடைய பே ஸ்லிப்பையும் டியூட்டி ரோஸ்டரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து மதுரைப் பக்கம் தனியாரில் இருந்துவிட்டு, 2015 எம்.ஆர்.பி. (மாநில அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் அரசுக்கு வந்தவள். தொகுப்பூதியம், காலமுறை ஊதியம் (படிகளும் வருடாந்தர உயர்வும் உள்ள நிரந்தர வேலைச் சம்பளம்) இரண்டையும் வாங்கிப் பார்த்தாயிற்று. தோழிகள் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள், எங்கள் பேட்ச் குரூப்பில் சம்பளத்தைப் பற்றிப் பேசாத வாரமே கிடையாது.

முதலில் மணி நேரம். உங்கள் கேள்வியில் அது இல்லை. உங்களுக்கு 8 மணி நேர ஷிப்ட், மாதம் 26 டியூட்டி என்று வைத்துக்கொண்டால் 208 மணி நேரம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய். சென்னையில் பல இடங்களில் 12 மணி நேர ஷிப்ட் போடுகிறார்கள். தோழிக்கும் அப்படித்தான் என்றால் அதே 26 டியூட்டிக்கு 312 மணி நேரம், 22,000ஐ வகுத்தால் மணிக்கு 70 ரூபாய் சொச்சம். சம்பளம் 6,000 கூட, மணிக்கூலி குறைவு! ஹேண்டோவர், நோட்ஸ் எழுதுவது, கடைசி நேரத்தில் வந்த அட்மிஷன் என்று தினம் ஒரு மணி நேரம் உங்களுக்கும் இழுத்துக்கொண்டு போகிறதென்றால் உங்கள் கணக்கும் 68க்கு இறங்கிவிடும், அதையும் சேர்த்தே போடுங்கள். இதற்கு மேல் சென்னையில் ஹாஸ்டல் வாடகை, மெஸ் என்று சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்களா என்பது தனி.

அடுத்தது பிடித்தம். "கையில் 16,000" என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, பலர் சொல்வது ஆஃபர் லெட்டரில் உள்ள மொத்தத் தொகையை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் உங்கள் பங்காக 12 சதவீதம், 1,440 ரூபாய் பி.எஃப்.க்குப் போகும், நிர்வாகமும் அதே 1,440 கட்ட வேண்டும். இதில் நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டுகிற ஆஸ்பத்திரிகள் உண்டு, வெளியே நின்று பார்த்தால் அவர்கள் அதிகம் கொடுப்பது போலத் தெரியும். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பாருங்கள். ஸ்லிப்பில் பிடித்துவிட்டுக் கட்டாமலேயே இருக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டு விஷயத்தை யாரும் யோசிப்பதே இல்லை. அதற்குச் சம்பள வரம்பு மாதம் 21,000. அதற்குள் இருக்கிற உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும், பதிலுக்கு அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வைத்தியம், பிரசவம் என்றால் 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை, அதுவும் நேராக இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். 22,000இல் புதிதாகச் சேர்ந்த தோழி அந்த வரம்புக்கு வெளியே. அவருக்கும் சட்டப்படி 26 வாரம் உண்டு, ஆனால் அதை ஆஸ்பத்திரி தன் பையிலிருந்து தர வேண்டும். தருகிறார்களா என்று அங்கே ஏற்கெனவே பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு சிஸ்டரைக் கேட்டால்தான் தெரியும். நான் வேலை பார்த்த தனியார் இடத்தில் கர்ப்பம் என்று தெரிந்ததும் "வீட்ல ரெஸ்ட் எடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

சரி, அரசுத் தொகுப்பூதியம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏழாயிரத்துக்கும் அதிகமான இடங்களுக்குத் தேர்வு வைத்தது. தேர்வு எழுதி, ரேங்க் வாங்கி, இடஒதுக்கீட்டு முறைப்படி எடுத்த ஆட்களுக்குச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியத்துக்கு மாற்றுவோம் என்றார்கள். மாற்றவில்லை. 2017 நவம்பரில் மாநிலம் முழுக்க இருந்து வந்து சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் என்று உட்கார்ந்தோம், கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுப் போராட்டத்தை விடச் சொன்னது. அதற்கு அடுத்த வருடம்தான் 14,000 ஆனது, பிறகு 18,000. இடம் காலியாகக் காலியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரந்தரம் செய்தார்கள்.

இப்போது ஒரு வார்டைப் பாருங்கள். நைட் டியூட்டியில் இரண்டு பேர். ஒருவர் நிரந்தரம், அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, வருடா வருடம் இன்கிரிமென்ட், 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் பிரசவ விடுப்பு. மற்றவர் 18,000, அவ்வளவுதான். இருவரும் ஒரே ஊசியைத்தான் போடுகிறார்கள், ஒரே கேஸ் ஷீட்டில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், தப்பு நடந்தால் ஒரே மெமோதான். சம்பளத்தோடு பிரசவ விடுப்புக்குக்கூடத் தொகுப்பூதியக்காரர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நிரந்தரமானதும் என் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, அன்றைக்கு என் வேலையில் ஒரு துளியும் மாறவில்லை. நர்ஸ்களுக்குள் இருக்கிற பெரிய இடைவெளி கோவைக்கும் சென்னைக்கும் நடுவில் இல்லை, ஒரே நர்சிங் ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு நடுவில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். கொரோனா காலத்தில் வேலைக்கு எடுத்த நர்ஸ்களில் 2,400 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அப்புறம் போராடியதும் 18,000இல் ஒப்பந்த வேலை தருகிறோம் என்றார்கள். ஆகவே தொகுப்பூதியத் தோழியை 18,000 என்று மட்டும் பார்க்காதீர்கள், அவர் நிரந்தர வேலைக்கான வரிசையில் நிற்கிறார். வரிசை நகர்ந்தால் உங்கள் எல்லாரையும்விட முன்னால் போய்விடுவார். எப்போது நகரும் என்றுதான் யாரும் எழுதித் தருவதில்லை.

மத்திய அரசு வேலை இதிலெல்லாம் சேராத தனி ரகம். எய்ம்ஸ், ஜிப்மர் நர்சிங் ஆபீசர் பதவி மத்திய அரசு ஊதிய அட்டவணையில் லெவல் 7, அடிப்படையே 44,900. அகவிலைப்படி, செவிலியர் படி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 80,000ஐத் தாண்டிவிடும். செவிலியர் படி மட்டும் 7,200 இருந்தது, 2024இல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது 9,000 ஆனது. உங்கள் கையில் வரும் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அங்கே ஒரு படி! இரண்டு வருட அனுபவத்தோடு கோவையில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான பொதுத் தேர்வு) எழுதாமல் இருந்தால் அதுதான் எனக்கு வருத்தம். போட்டி கடுமை, போஸ்டிங் எந்த ஊரில் என்று தெரியாது, இந்தி பேசும் ஊருக்குப் போனால் முதல் ஆறு மாதம் நோயாளியிடம் கையைக் காலை ஆட்டித்தான் பேச வேண்டும். இருந்தாலும் எழுதுங்கள்.

தனியாரில் ஏன் கூட்டித் தருவதில்லை? சட்டம் என்று இல்லை, ஆனால் கிட்டத்தட்ட ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்குக் கீழே என்றாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று பார்த்துவிட்டு 16,000ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏமாறுகிறீர்கள் என்று நான் சொன்னது இங்கேதான். ஆனால் அது பரிந்துரை, நிறைவேற்ற வேண்டியது மாநிலங்கள். பாலக்காட்டுப் பக்கம் எல்லையைத் தாண்டினால் கதை வேறு, அங்கே நர்ஸ்கள் சங்கம் சேர்ந்து வருடக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததால் 2018 ஏப்ரலில் கேரள அரசு குறைந்தபட்ச அடிப்படை 20,000 என்று அரசாணையே போட்டது. நிர்வாகங்கள் நீதிமன்றத்துக்குப் போயின, எல்லா ஆஸ்பத்திரியும் ஒழுங்காகக் கொடுத்தது என்றும் சொல்ல மாட்டேன், ஆனாலும் பேரம் பேச அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. நம் பக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்களுக்கு ஆறு மாதம் வேலை கற்றுக்கொடுத்து, வெள்ளை உடுப்பு மாட்டி, "சிஸ்டர்" என்று வார்டில் விடுகிற சின்ன ஆஸ்பத்திரிகள் இருக்கிற வரை படித்தவளின் சம்பளமும் கீழேயே இழுபடும். அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நமக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

துபாய் அக்காவுக்கு வருவோம். வருமான வரி கிடையாது, தங்குமிடமும் விமான டிக்கெட்டும் பெரும்பாலும் உண்டு, அதனால் மிச்சம் பிடிக்க வளைகுடா நல்ல இடம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தருகிற பணிக்கொடை முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அந்தக் கணக்கு அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். மொத்தத்தை அதிகமாகக் காட்டி அடிப்படையைக் குறைத்து வைத்தால் கடைசியில் கையில் வருவது சுருங்கிவிடும். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போனால் முதல் வருடச் சம்பளம் வட்டிக்கே போகும். சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். குவைத்துக்கு ஆள் எடுப்பதில் தலைக்கு ஏறக்குறைய 20 லட்சம் கறந்த மோசடி வெளியே வந்த 2015இல்தான், இந்த நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு முகமைகள் வழியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. நமக்குச் சென்னையில் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே பதிந்துவிட்டு அப்புறம் மற்றவர்களைப் பாருங்கள்.

இங்கிலாந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். அங்கே என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவ சேவையில் புதிதாகப் போகிற நர்ஸுக்கு பேண்ட் 5 என்கிற ஊதியப் படிநிலை, 2025-26இல் இங்கிலாந்துப் பகுதியில் வருடம் 31,049 பவுண்டு. இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் தலை சுற்றி விழாதீர்கள். வரி, தேசியக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் போனால் மாதம் 2,000 பவுண்டுக்குச் சற்றுக் கீழே வரும், அதில்தான் அந்த ஊர் வாடகையும் ஹீட்டர் செலவும். அங்கே எனக்குப் பிடித்தது வேறு. பேண்ட் அட்டவணை ஊரறிந்தது, வாரம் 37.5 மணி நேரம், நைட்டுக்கு 30 சதவீதம் கூட, ஞாயிற்றுக்கிழமைக்கு 60 சதவீதம் கூட. பக்கத்தில் நிற்கிறவர் எவ்வளவு வாங்குகிறார் என்று யாரும் யாரிடமும் ரகசியமாகக் கேட்க வேண்டியதில்லை. இங்கே ஹெச்.ஆர். முதல் நாளே "சம்பளத்தை யாரிடமும் சொல்லக் கூடாது" என்று சொல்லி அனுப்புவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பாதுகாப்புக்கா?

இன்னொன்று, இந்தக் கணக்கு எதிலும் வராதது, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி. கலிஃபோர்னியாவில் ஐ.சி.யு.வில் இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ், சாதாரண வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று சட்டமே உண்டு, 2004இல் நடைமுறைக்கு வந்தது, வார்டுக்கு முதலில் ஆறு பேர் என்று இருந்து 2005இல் ஐந்தானது. நம் அரசு வார்டில் நைட்டில் நாற்பது பேரை ஒருத்தி பார்ப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். வேலை மாறுகிறீர்கள் என்றால் சம்பளத்தைக் கேட்ட கையோடு இதையும் கேளுங்கள். 3,000 கூடக் கொடுத்து இரண்டு மடங்கு நோயாளியைத் தலையில் கட்டினால் அது உயர்வே இல்லை.

இப்போது உங்களுக்கு: அவசரப்பட்டு சென்னைக்குப் போக வேண்டாம். இரண்டு வருடம் முடிந்துவிட்டதால், இத்தனை நாள் வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுத்த பாண்ட் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஒரிஜினல் சர்டிஃபிகேட் இன்னும் அவர்களிடம் இருந்தால் முதல் வேலையாக அதை வாங்குங்கள், அது கைக்கு வராமல் சம்பளம் பேசப் போகாதீர்கள். அப்புறம் உங்கள் யூனிட்டில் உங்கள் அனுபவமுள்ள நாலைந்து பேர் ஸ்லிப்பை ஒன்றாக வைத்துப் பாருங்கள், பிறகு சேர்ந்தே போய்க் கேளுங்கள், தனியாகப் போனால் "உனக்கு மட்டும் ஆயிரம் ஏத்தறேன், வெளியே சொல்லாதே" என்று முடித்துவிடுவார்கள். அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது வெறும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று எழுத விடாதீர்கள், எந்த வார்டு, எத்தனை படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதி, லெட்டர்ஹெட்டில் சீலோடு வாங்குங்கள். வளைகுடாவுக்கான டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பில் பலர் மாட்டிக்கொள்வது இந்த ஒரு காகிதத்தில்தான்.