வேலைக்கு விலை 300 டாலர்

கேள்வி: 1890களின் நியூயார்க்கில் நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் போலீஸ்காரர்கள் எல்லாருமே மாமூல் வாங்குகிறார்கள் என்றால் அப்புறம் துப்பறிவது யார்? ஒரே ஒரு நல்லவரைக் கொண்டுவந்தால் சினிமா மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: ஆகத்தான் செய்யும். வாங்குகிறவன் கெட்டவன், வாங்காதவன் நல்லவன் என்று கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்திலேயே கதை தீர்ந்துவிடும். அன்றைய நியூயார்க்கில் காக்கைக்கும் குருவிக்கும் தெரிந்த விஷயம், போலீஸ் வேலையே விலைக்கு விற்கப்பட்டது என்பது. சாதாரண கான்ஸ்டபிள் வேலைக்கு 300 டாலர் என்று 1894-ல் லெக்ஸோ கமிட்டி முன்னால் சொன்னார்கள் (லெக்ஸோ என்ற மாகாண செனட்டர் தலைமையில் நடந்த விசாரணை, சாட்சியம் மட்டும் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டியது). டிமதி கிரீடன் என்ற கேப்டன், தன் பதவிக்கு 15,000 டாலர் கொடுத்ததாக அங்கே ஒப்புக்கொண்டார். இவ்வளவு பணத்தைக் கொட்டி உட்காருகிறவர் சம்பளத்தை நம்பியா உட்காருவார்? அசலை எடுக்க வேண்டாமா?

உங்கள் துப்பறிவாளனையும் அந்த 300 டாலரைக் கடன் வாங்கிக் கட்டியவனாக வையுங்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவன்தான், ஆனால் கை சுத்தம் என்று சொல்ல முடியாதவன். இப்போது அவன் சரகத்தில், மாதாமாதம் மாமூல் கட்டும் ஒரு வீட்டில் கொலை விழுகிறது. 'யார் கொன்றது' என்று கேட்பதற்கு முன்னால் 'இந்த வீடு யார் கணக்கில் இருக்கிறது' என்று அவன் கேட்டாக வேண்டும். கேப்டனுக்காக வசூலுக்குப் போகும் சாதா உடைப் போலீஸ்காரரை அங்கே வார்டுமேன் என்பார்கள். எந்த வீட்டில் எத்தனை பெண்கள், எந்த சூதாட்டக் கடைக்குப் பின்வாசல் எங்கே என்று ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான், வாயைத் திறக்கவே முடியாதவரும் அவர்தான். எனக்கென்னவோ கொலையாளியைவிட இந்த ஆள்மேல்தான் கண். நாவலில் பாதிப் பக்கம் அவருக்கே கொடுப்பேன்.

போலீஸுக்கு வெளியிலிருந்துதான் ஆள் வேண்டும் என்றால் அதற்கும் சரித்திரத்தில் வழி இருக்கிறது. 1892-ல் சார்லஸ் பார்க்ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் பிரசங்க மேடையிலேயே நகர நிர்வாகத்தையும் போலீஸையும் கிழித்துத் தொங்கவிட்டார். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். மனிதர் மாறுவேஷம் போட்டுக்கொண்டு, கார்ட்னர் என்ற தனியார் துப்பறிவாளரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ராத்திரியாகச் சாராயக்கடைகளும் விபச்சார விடுதிகளும் ஏறி இறங்கினார். அதே வருஷக் கடைசியில், விடுதி நடத்தும் ஒரு பெண்ணை மிரட்டிப் பணம் பறித்ததாக அந்தக் கார்ட்னரையே போலீஸ் பிடித்தது. பழிவாங்கலா, நிஜமா? இந்த ஒரு கேள்வியை வைத்தே முந்நூறு பக்கம் எழுதலாம்.

கேள்வி: லஞ்சம் வாங்கும் அதிகாரியை வில்லனாகக் காட்டாமல் எப்படிக் காட்டுவது?

பதில்: சிரிக்க வைக்கிறவராக. அலெக்சாண்டர் வில்லியம்ஸ் என்று ஓர் அதிகாரி, லத்தியைச் சுழற்றுவதில் பெயர் போனவர். 1876-ல் கேளிக்கை விடுதிகள் நிறைந்த பகுதிக்கு மாற்றலானபோது, இத்தனை நாள் முரட்டுக் கறியைத் தின்றேன், இனி டெண்டர்லாய்ன்தான் (மெத்தென்ற உயர்ந்த ரகக் கறி) என்கிற மாதிரி சொன்னாராம், அந்தப் பகுதிக்கே டெண்டர்லாய்ன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சொத்தெல்லாம் எப்படி வந்தது என்று கமிட்டி கேட்டதற்கு, ஜப்பானில் மனை வாங்கி விற்றேன் என்றார். ஜப்பானில்! இதைக் கற்பனையாக எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

கேள்வி: தியோடர் ரூஸ்வெல்ட் போலீஸ் ஆணையத்துக்குத் தலைவராக வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் வந்தது 1895 மே மாதம். அந்த வில்லியம்ஸ் அதே மாதம் வெளியே போனார். துப்பறியும் பிரிவை வளர்த்து, போலீஸ் தலைமைக்கே உயர்ந்திருந்த தாமஸ் பர்ன்ஸும் போனார். பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸைக் கூட்டிக்கொண்டு நடுராத்திரியில் தெருத்தெருவாகப் போய், ரோந்தில் தூங்குகிற கான்ஸ்டபிள்களைப் பிடித்தார் ரூஸ்வெல்ட். இதுவரை ஜோர். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூடும் சட்டத்தைப் பிடிவாதமாக அமல்படுத்தப் போய், வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒருநாள் பீர் குடிக்கிற ஜெர்மன்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். 1896-ல் வந்த ரெய்ன்ஸ் சட்டம் ஹோட்டலில் மட்டும், அதுவும் சாப்பாட்டோடு, ஞாயிறன்று மது கொடுக்கலாம் என்றது. உடனே மதுக்கடைகளெல்லாம் மாடியில் பத்து அறையைத் தடுத்து 'ஹோட்டல்' ஆயின. அந்த அறைகள் பிறகு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1897-ல் ரூஸ்வெல்ட் கிளம்பிப் போனார், அந்த நவம்பர் தேர்தலிலேயே டாமனி ஹால் கோஷ்டி (நகர அரசியலை ஆட்டிவைத்த டெமாக்ரடிக் கட்சிக்காரர்கள்) திரும்பவும் ஆட்சிக்கு வந்தது. அவரை உங்கள் நாவலில் மல்பெரி தெருத் தலைமையகத்தின் ஜன்னலில் நிறுத்துங்கள், போதும். கதையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடைசியில் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டுமா?

பதில்: மாமூல் வசூலை அக்குவேறு ஆணிவேறாக லெக்ஸோ கமிட்டியிடம் ஒப்பித்த கேப்டன் ஷ்மிட்பெர்கர் வேலையை இழக்கவில்லை, 1909-ல் தலைமை இன்ஸ்பெக்டராகவே உயர்ந்தார். சார்லஸ் பெக்கர் என்ற லெப்டினன்ட் கதை வேறு மாதிரி. அவர் தன்னிடம் பங்கு வாங்குவதாகப் பத்திரிகையில் சொன்ன சூதாட்ட விடுதிக்காரர் ரோசன்தால் 1912 ஜூலையில் ஒரு ஹோட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெக்கர் 1915-ல் மின்சார நாற்காலிக்குப் போனார். கருணை மனுவைப் பரிசீலிக்க வேண்டிய ஆளுநர் யார் தெரியுமா? அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் விட்மனேதான். பெக்கர்தான் கொல்லச் சொன்னாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டில் எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைரேகையை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கலாமா?

பதில்: 1890களின் நியூயார்க்கிலா? கூடாது. குற்றவாளிகளின் போட்டோ ஆல்பம் இருக்கிறது, தந்தி இருக்கிறது, காட்டிக்கொடுக்க ஒரு வார்டுமேன் இருக்கிறார். பிழைத்துக்கொள்ளுங்கள்.